அடிக்கணக்கில் கூலி பேசினால் வேலிச்செடி தாங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக்ஸ்வுட் வேலியையும் புதர்ச்செடிகளையும் கவாத்து செய்வது பற்றியும், அதற்கு ஆகும் செலவு பற்றியும் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் குடியிருப்பில் நாலைந்து பேர் கைமாற்றிப் படித்தோம். கவாத்து முறை பற்றி எழுதியிருந்தது சரிதான். ஆனால் செலவுக் கணக்கு சென்னைக்குப் பொருந்தாது. இங்கே பணம் எங்கே போகிறது, எதனால் வீணாகிறது என்பது வேறு கதை. குடியிருப்போர் சங்கத்தில் தோட்டப் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பாக்ஸ்வுட் குளிர்நாட்டுச் செடி. ஐரோப்பாவின் பழைய அரண்மனைத் தோட்டங்களில் கோலம் போட்டதுபோல வரிசை வரிசையாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். ரொம்ப மெதுவாக வளரும். வருஷத்துக்குச் சில அங்குலம் தேறினால் அதிகம். அதனால் அங்கே வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ கத்தரி பட்டால் போதும். ஒரு தடவைக்கான கூலி கனமாக இருந்தாலும் வருஷத்துக்குப் பார்த்தால் கட்டுப்படியாகும். சென்னையில் நாம் வேலியாக வைத்திருப்பதோ டுரண்டா, இட்லிப்பூ, காமினி, அக்கலிபா, செம்பருத்தி. கடற்கரைப் பக்கம் போனால் சங்கங்குப்பி. இரண்டு நல்ல மழை பெய்தால் போதும், டுரண்டா ஒரு மாதத்தில் அரை அடி எகிறிவிடும். ஆகவே நம் ஊரில் ஒரு தடவைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பதில் பாதிதான் கிடைக்கும். வருஷத்துக்கு எத்தனை தடவை, யார் கையால், எந்தக் கத்தரியால் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எங்கள் பகுதியில் வேலிச்செடி வெட்டுவதற்கு அடிக்கணக்கில்தான் ரேட் பேசுகிறார்கள். ஓர் அடி நீளத்துக்கு, மேல்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் சேர்த்து, 10 ரூபாய். எங்கள் வளாகத்தில் வேலி சுமார் 300 அடி. அதாவது ஒரு தடவைக்கு 3,000 ரூபாய், மாதம் ஒரு தடவை. முதுகில் மிஷினைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் வருவார்கள், அரை நாளில் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பார்க்கச் சுவர் மாதிரி நேராக இருக்கும். சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் திருப்தி.

அந்த வேலியின் பக்கத்தில் குனிந்து, இரண்டு கையாலும் இலைகளை விலக்கிப் பாருங்கள். வெளியே நாலு விரல் கனத்துக்குப் பச்சை. அதற்கு உள்ளே இலை என்று ஒன்றுகூட இருக்காது. சாம்பல் நிறத்தில் குச்சிகள், அவற்றின் கவட்டைகளில் சிக்கிய காய்ந்த சருகு, பால் கவர், மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சு. நுனிக்குருத்தை வெட்டினால் அதன் கீழே உள்ள பக்கமொட்டுகள் விழித்துக்கொண்டு கிளைக்கும். இது பெரும்பாலான செடிகளுக்கு உள்ள குணம். மிஷின் ஒவ்வொரு மாதமும் அதே மட்டத்தில் வெட்டும்போது எல்லாக் கிளைப்பும் அந்த ஒரே மட்டத்தில்தான் நடக்கிறது. மேலே அடர்ந்து அடர்ந்து, உள்ளே வெளிச்சமும் காற்றும் போக வழியில்லாமல் போகிறது. வெளிச்சம் படாத இலையைச் செடி வைத்துக்கொள்வதில்லை, உதிர்த்துவிடும். அப்புறம் ஒரு கோடையில் வெளிக்கூடு கருகினால், உள்ளேயிருந்து திரும்பத் துளிர்ப்பது கஷ்டம்.

எங்களுக்கு அப்படித்தான் ஆனது. மேற்கு மதில் ஓரம் சுமார் 40 அடி, மே மாதத்தில் ஒட்ட வெட்டப்பட்டு, கத்திரி வெயிலில் கருகிப்போனது. இந்த நேரத்தில் வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னேன். மாதாமாதம் வெட்டுவதாகத்தானே பேச்சு என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். செடி காய்ந்த பிறகு தண்ணீர் போதவில்லை என்றார். அதுவரை நிழலில் இருந்த உள்கிளைகளையும் இளம் இலைகளையும் ஒரே நாளில் உச்சி வெயிலுக்குத் திறந்துவிட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பொசுங்கத்தான் செய்யும். புதுச்செடி, செம்மண், எரு, நடவுக்கூலி என்று 7,000 ரூபாய் தனியாகப் போனது. அந்த இடம் மறுபடி அடர, ஒன்றரை வருஷமாவது ஆகும்.

இட்லிப்பூவின் நிலைமை இன்னும் மோசம். அது பூப்பதே கிளை நுனியில்தான். மொட்டுக்கொத்து எட்டிப் பார்க்கும் சமயத்தில் மாதாமாதம் நுனியைச் சீவினால் அது எங்கே பூக்கும்? நகரத்தில் எத்தனை அலுவலக வாசல்களில், எத்தனை அடுக்குமாடி முகப்புகளில் பூவே இல்லாத இட்லிப்பூ வேலிகளைப் பார்க்கிறோம். செடி மலடாகிவிட்டது, உரம் போடுங்கள் என்று ஆலோசனை சொல்கிறார்கள். உரம் வேண்டாம், கத்தரியைக் கொஞ்ச நாள் கீழே வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒரு பூ அலை முடிந்த பிறகு, வாடிய கொத்தை இரண்டு கணு கீழே வெட்டினால் போதும், அடுத்த அலை வந்துவிடும்.

இப்போது எங்களிடம் வேலை செய்யும் தோட்டக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவர் கையில் முதலில் வருவது பெரிய கத்தரி இல்லை, ஒரு கையில் பிடிக்கும் சின்ன கட்டர். வேலிக்குள் கையை விட்டு, காய்ந்த குச்சியையும் ஒன்றோடொன்று உரசுகிற கிளையையும் அடியில் வெட்டி எடுப்பார். அப்புறம் மேல்பக்கம் அங்கங்கே ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு கிளையை உருவி, உள்ளங்கை அளவு ஓட்டை விடுவார். “வெளிச்சம் உள்ள இறங்கணும்மா, அப்பத்தான் உள்ளேருந்து துளிர் வரும்” என்பார். பாக்ஸ்வுட் வளர்ப்பவர்கள் கையாலேயே கிளைகளை ஒடித்து இடைவெளி விடுவார்கள் என்று படித்திருக்கிறேன். செடி வேறு, ஊர் வேறு; முறை ஒன்றுதான். அதற்குப் பிறகே பெரிய கத்தரியை எடுத்து வடிவம் கொடுப்பார். அந்த வடிவமும் நேர்ச்சுவராக இருக்காது. அடி அகலமாக, மேலே போகப்போகக் கொஞ்சம் குறுகலாக இருக்கும். மேல்பகுதி குடை விரித்தாற்போல் அகன்றுவிட்டால் அடி இலைகளுக்கு வெயில் படாது. வேலியின் கால்பகுதி மொட்டையாகிவிடும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவும் மாட்டார்.

இன்னொன்றும் அவரிடம் கவனித்தேன். மாவுப்பூச்சி பிடித்த செம்பருத்தியைக் கடைசியாகத்தான் தொடுவார். தொட்டபின் கட்டரை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் பையில் போடுவார். ஒரு வளாகத்திலிருந்து அடுத்த வளாகத்துக்குத் துடைக்காமலே போகும் மிஷின் இந்தப் பூச்சியையும் தெருத்தெருவாகக் கொண்டுபோகிறது. வெட்டுவதற்கு முன் இலைகளை விலக்கித் தையல்சிட்டுக் கூடு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்ப்பார். இருந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவார்.

கணக்குக்கு வருகிறேன். அவரும் உதவிக்கு ஒரு அம்மாவும் மூன்று நாள் வேலை செய்கிறார்கள். இருவருக்கும் தலைக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய். ஆக ஒரு தடவைக்கு 6,000. மிஷின்காரர் கேட்டதைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். நடுவில் ஓரம் கொஞ்சம் கலைந்து தெரியும், பரவாயில்லை. வருஷத்துக்கு 36,000. மிஷின்காரருக்கு மாதாமாதம் 3,000 கொடுத்த காலத்திலும் இதே 36,000தான் ஆனது. ஒரு ரூபாய் கூடவில்லை. செடி காய்ந்து புதிதாக நடுகிற செலவு நின்றது, பூவும் வந்தது.

அந்த உதவியாளர் அம்மாவின் கூலி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தோட்ட வேலைக்கு வரும் பெண்களுக்கு 600 ரூபாய்தான் கொடுக்கிறார்கள். வெட்டியதைக் கூட்டி அள்ளுவது சில்லறை வேலையாம். டுரண்டா முள்ளைக் கையால் வாரி, மூட்டை கட்டி, மாடிப்படி இறங்கித் தூக்கிப் போவது எந்த விதத்தில் சில்லறை வேலை? சங்கத்தில் வாதாடித்தான் இருவருக்கும் ஒரே கூலி என்று முடிவு செய்தோம். தடித்த கையுறையும் கண்ணாடியும் சங்கமே வாங்கிக் கொடுத்தது. அரளியும் நந்தியாவட்டையும் வெட்டினால் பால் வடியும். கண்ணில் பட்டால் அவ்வளவுதான். கூலி பேசும்போது இதையும் யாராவது பேச வேண்டாமா?

உங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன விஷயம் வெட்டிய தழையை என்ன செய்வது என்பது. இதில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. பேசிய கூலியில் அது சேராது. தழையை அள்ளிப் போகக் குட்டியானை வண்டிக்கு ஒரு நடைக்கு 1,500 ரூபாய் தனியாகக் கேட்பார்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் பலர் தெருமுனையில் கொட்டிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் கொளுத்திவிடுகிறார்கள். தோட்டக் கழிவை வளாகத்துக்குள் தனியாகச் சேர்த்து வைத்து, உள்ளாட்சி சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும், தெருவில் போடவோ எரிக்கவோ கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. அரளி விஷயத்தில் இது உயிர் பிரச்சினை. அதன் எல்லாப் பாகமும் விஷம், எரித்தால் புகையும் கெடுதல். சென்னைத் தெருக்களில் மாடுகள் எதையும் மேயும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெட்டிப்போட்ட அரளிக் கிளையை ஒரு மாடு தின்றால் என்ன ஆகும்?

நாங்கள் அரளியை மட்டும் தனி மூட்டையாகக் கட்டி அனுப்புகிறோம். மற்றதை அரிவாளால் விரல் நீளத்துக்கு நறுக்கி, பின்பக்கம் செங்கல் அடுக்கிய தொட்டியில் சருகோடு கலந்து போட்டு, புளித்த மோரும் சாணிக் கரைசலும் தெளிக்கிறோம். முன்பு மாதம் ஒரு நடை வந்த வண்டிக்கு வருஷத்துக்கு 18,000 ரூபாய் போனது. இப்போது தடித்த கிளைகளுக்காக எப்போதாவது கூப்பிடுகிறோம். எரு எங்கள் வேலிக்கே போகிறது.

நேரம் பற்றியும் சென்னைக்கு ஏற்ற மாதிரி எழுதியிருக்கலாம். கடைசிப் பனி விலகியதும் வெட்டுங்கள் என்பது நமக்கு ஆகாது. ஜூலை, ஆகஸ்டில் மாலை மழை தொடங்கியபின் பெரிய கவாத்து. செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், உள்ளே காற்றோட்டம் விடும் அளவுக்கு ஒரு கை. அடைமழை நாட்களில் ஈர வெட்டில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் விட்டுவிடலாம். பொங்கல் கழிந்து மறுபடி ஒரு நல்ல கவாத்து. ஏப்ரல், மே மாதங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரிரு குச்சியைத் தவிர வேறு எதையும் தொடவே கூடாது.

தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். அடுத்து இந்தப் பகுதியில் எழுதும்போது, நம் ஊர் வேலிச்செடிகளின் பெயர் சொல்லி, ஒவ்வொன்றையும் எப்போது, எவ்வளவு வெட்டலாம் என்று எழுதச் சொல்லுங்கள். கூலியை நாள்கணக்கில், கழிவு அகற்றும் செலவையும் பெண்களுக்குச் சம கூலியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மாநகராட்சிக்கும் உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு வார்டிலும் தோட்டக் கழிவு எடுக்க வண்டி வரும் கிழமை எது என்பதைத் தெருமுனையில் பலகையாக எழுதி வைத்தால், தெருவில் கொட்டுகிறவர்களில் பாதிப் பேராவது அந்தக் கிழமைக்காகக் காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
நங்கநல்லூர், சென்னை.