அரிச்சல்முனை போய் ஏர்வாடி தொட்டுத் திரும்ப எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

இராமநாதபுரம் அரண்மனை வாசலில் கிளம்பி தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனை, திரும்ப இராமநாதபுரம், அங்கிருந்து கீழக்கரை வழியாக ஏர்வாடி, மறுபடி அரண்மனை வாசல். இந்த 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்தை நானும் என் தோழியும் போன ஞாயிற்றுக்கிழமை முடித்தோம். கெடு முடிய இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. வாட்சப்பில் வாழ்த்து அனுப்பியவர்களுக்குத் தனித்தனியே பதில் போட்டாயிற்று. இந்த மடல் எங்கள் நம்பர் இல்லாதவர்களுக்கு. அவர்கள் கண்ணில் இது படுமா என்பது சந்தேகம்தான். வீட்டுப் பிள்ளைகள் யாராவது வாசித்துக் காட்டினால் புண்ணியம்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். இது பந்தயம் இல்லை. பிரான்சில் 1921இல் தொடங்கி இன்று உலகம் முழுக்க நடக்கும் 'ப்ரெவே' முறை. யார் முதலில் வந்தார் என்ற கணக்கே கிடையாது. 200 கிலோமீட்டரென்றால் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. அதற்குள் வந்து சேர வேண்டும்; இடையில் உள்ள சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். பின்னாலேயே கார் வரக் கூடாது. வழியில் வீட்டு ஆள் நின்றுகொண்டு சோற்றுப் பொட்டலம் நீட்டக் கூடாது. கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், அது எல்லாருக்கும் பொது.

அதனால்தான் பார்க்கிறவர்கள் எல்லாம் "யார் துணையும் இல்லாமல் முடிச்சிட்டீங்களே" என்கிறார்கள். துணை இருந்தது. ஏகப்பட்ட துணை இருந்தது.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். கச்சான் என்று நாங்கள் சொல்லும் ஆனி மாதத்து மேல்காற்று முதுகுக்குப் பின்னால் இருந்ததால் மண்டபம் வரைக்கும் மிதித்த மாதிரியே இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பாம்பன் பாலத்தில் ஏறியபோதுதான் நன்றி சொல்லும் வேலை ஆரம்பமானது. 1988இல் திறந்த சாலைப் பாலம் அது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கவாட்டுக் காற்று ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்கிறது. இணைப்புகளில் இருக்கும் இரும்பைத் தாண்டும்போது ஒல்லி டயர் வழுக்குகிறது. எங்களுக்குப் பின்னால் ஒரு மீன் வண்டி. ஹாரன் அடிக்காமல், ஒட்டி வந்து பயமுறுத்தாமல், பாலம் இறங்கும்வரை எங்கள் வேகத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார் அதன் ஓட்டுநர். ஐஸ் உருகினால் யாருக்கு நட்டம் என்று இந்தக் கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அண்ணே, கும்பிடுகிறேன். புது ரயில் பாலத்தைப் படம் பிடிக்க நடுப் பாலத்தில் காரை நிறுத்தியிருந்தவர்களுக்கு நன்றி எதுவும் கிடையாது. 2025 ஏப்ரலில் திறந்த பாலம், அது அங்கேயேதான் இருக்கும். கீழே இறங்கிப் போய் நிதானமாகப் பாருங்கள்.

இராமேசுவரம் தாண்டியதும் கடல் இரண்டு பக்கமும் வந்துவிடுகிறது. வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வோம். பெண்கடல் குளம் போலக் கிடந்தது. ஆண்கடல் பக்கம் அலை தடுப்புக் கல்லில் மோதித் தெறித்தது. 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடிக்கு மணலில் இறங்கித்தான் போக முடியும் என்றிருந்தது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017இல். இந்தக் காற்றுக் காலத்தில் அந்தச் சாலையை ஒரே இரவில் மணல் மூடிவிடும். அன்று காலை நாங்கள் போனபோது, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சிலர் மண்வெட்டியால் மணலை வழித்து ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தள்ளத் தள்ள வந்து விழுகிறது. கார்காரருக்கு அது பெரிதில்லை, சைக்கிள் சக்கரம் அதில் புதைந்தால் ஆள் கீழே. அவர்கள் வழித்து வைத்திருந்த ஒரு முழ அகல இடத்தில்தான் நாங்கள் போனோம், வந்தோம். அரிச்சல்முனைச் சாவடியில் அட்டை பறந்துவிடாமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு முத்திரை குத்தித் தந்த தன்னார்வலத் தம்பிக்கும் இதிலேயே சேர்த்து நன்றி. அவர் பல்லிலும் மணல்.

திரும்பியதும் காற்று முகத்தில். 75 கிலோமீட்டர். கரண்ட் கம்பத்தை எண்ணி, பத்துக் கம்பத்துக்கு நான் முன்னால், பத்துக் கம்பத்துக்கு அவள் முன்னால் என்று முறை வைத்துக்கொண்டோம். தங்கச்சிமடம் தாண்டியதும் அவள் தன் முறை முடிந்தும் விலகாமல் முன்னாலேயே போனாள். கேட்டதற்கு, கம்ப எண்ணிக்கை மறந்துவிட்டது என்றாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கச் சொட்டு எண்ணுகிற நர்சுக்குக் கம்பம் மறக்குமா? இவளுக்குத் தனியாக நன்றி சொன்னால் அடிப்பாள், விட்டுவிடுகிறேன். மண்டபத்தில் மதுரைப் பையன்கள் நால்வர் எங்களைப் பிடித்து, "பின்னாடி ஒட்டிக்கங்கக்கா" என்று உச்சிப்புளி வரை காற்றை மறைத்துக் கொடுத்தார்கள். உடன் ஓட்டுகிறவர் உதவலாம், அதற்குத் தடை இல்லை.

உச்சிப்புளியில் என் டயர் போயிற்று. அதற்கு முன்பே மண்டபத்தில் ஒன்று, அதைத் தாண்டி ஒன்று. கையிலிருந்த ட்யூப் தீர்ந்துவிட்டது. எல்லாம் சீமைக் கருவேலம். ரோட்டோரம் வெட்டிக் கரிமூட்டம் போடக் கொண்டுபோகிற வண்டியிலிருந்து உதிர்கிற முள், தார்ப் பரப்பில் கண்ணுக்கே தெரியாது. பஞ்சர் கடை அண்ணன் அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருந்தார். மூடி வைத்துவிட்டு வந்தார். ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தில் சாக்பீசால் வட்டம் போட்டார். உடனே ஒட்டவில்லை. டயரின் உட்புறத்தை வெறும் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார், முக்கால் சுற்றில் நின்றார். "இங்கன இருக்கான் பாருங்க." வெளியே எதுவும் தெரியவில்லை, உள்ளே அரை அரிசி அளவு முள்முனை. இதை எடுக்காமல் புது ட்யூபாக மாற்றியதால்தான் அடுத்தடுத்துப் போயிருக்கிறது. குறடால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். எங்கள் சைக்கிளின் ஒல்லி வால்வுக்கு அவருடைய ஏர் மெஷின் வாய் பொருந்தவில்லை. எங்கள் கைப்பம்பை வாங்கி அவரே அடித்தார், சாதம் ஆறிக்கொண்டிருந்தது. காசு வேண்டாம் என்றார். "வாங்கலைன்னா எங்க அட்டை செல்லாதுண்ணே" என்று தோழி ஒரு போடு போட்டாள். அப்படி ஒரு சட்டமும் இல்லை. அதன் பிறகே இருபது ரூபாய் வாங்கினார்.

இராமநாதபுரத்தில் தயிர்சாதம். திருப்புல்லாணி தாண்டி ஒரு பனையேறிப் பெரியவர், "தாயி, நில்லு" என்று கை காட்டினார். பருவம் முடியப் போகிற பதநீர், ஓலைப் பட்டையில் ஊற்றித் தந்தார். சுண்ணாம்பு வாசனையோடு அது தொண்டையில் இறங்கியபோது போன உயிர் திரும்பியது. குளுக்கோஸ் பாக்கெட் விற்கும் கம்பெனிக்காரர்கள் ஒருமுறை இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போகலாம்.

அடுத்தது ஆண்கள் இந்த மாதிரி மடல்களில் எழுதாத விஷயம். பதின்மூன்று மணி நேரம் சாலையில் இருக்கும் பெண் எங்கே ஒதுங்குவாள்? வழியில் இருந்த பொதுக் கழிப்பறை ஒன்று பூட்டிக் கிடந்தது. ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீரைக் குறைத்துக் குடித்து, வெயிலில் தலை சுற்றி நின்ற பெண்களை எனக்குத் தெரியும். கீழக்கரையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினோம். ஹெல்மெட்டும் பளபளக்கும் மேலங்கியும் உப்புப் பூத்த முகமுமாக நின்ற எங்களைப் பார்த்து அந்த லாத்தா (கீழக்கரையில் அக்காவை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) கேட்ட முதல் கேள்வி, "உள்ள வரமாட்டீயளா?" கழிப்பறையைக் காட்டினார், கால் கழுவத் தண்ணீர் மொண்டு தந்தார், ஃபேனைப் போட்டார், பாட்டிலில் எலுமிச்சைச் சாறு நிரப்பினார். கிளம்பும்போது ஒரு டப்பா நிறையத் தொதல், அல்வா மாதிரி இருக்கும் கீழக்கரை இனிப்பு. ஏர்வாடிச் சாவடியில் அதைத்தான் எல்லாரும் பிய்த்துத் தின்றோம். இதற்கெல்லாம் விதியில் இடம் உண்டா என்று அமைப்பாளரைக் கேட்டேன். வாயில் தொதலோடு தலையை ஆட்டினார்.

ஏர்வாடியிலிருந்து அதே கச்சான் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தது.

பஞ்சர் கடை அண்ணனுக்கு: ஒல்லி வால்வுக்குப் போடும் பித்தளைத் திருகு நாலு வாங்கி வைத்திருக்கிறேன், கொண்டுவந்து தருகிறேன். உங்கள் ஏர் மெஷினிலேயே அடிக்கலாம். லாத்தாவுக்கு: டப்பா என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வெறும் டப்பாவாகத் திருப்பித் தர மாட்டேன், எங்கள் கொல்லையில் காய்ந்த குண்டு மிளகாய் போட்டுத்தான் வரும். அடுத்த 300 கிலோமீட்டர் பயணமும் கீழக்கரை வழியாகத்தானாம், சாயல்குடி தாண்டிப் போகிறது. மறுபடி கதவைத் தட்டுவோம்.