முதல் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை

அன்புள்ள வயலட் பாமர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 1997 அக்டோபர் 31-இல்தான் ஆரம்பிக்கிறார்கள். வான்கூவர் கிரிஸ்லீஸும் டல்லாஸ் மேவரிக்ஸும் மோதிய அன்று நீங்கள் விசிலோடு இறங்கினீர்கள், அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆட்டத்தில் முதல் பெண் நடுவர் ஆனீர்கள். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கண்ணெல்லாம் அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் மேல்தான்.

நானும் உள்ளூர்ப் போட்டிகளில் விசில் ஊதுகிறவள். பெண்கள் ஆட்டமென்றால் கூப்பிடுவார்கள். ஆண்கள் ஆட்டமென்றால், "நீங்க ஸ்கோர் டேபிள்ல உக்காந்துக்குங்க மேடம்" என்று மரியாதையாக ஒதுக்கிவிடுவார்கள். அதனால் உங்கள் கதையை நான் படிக்கிற விதம் கொஞ்சம் வேறு.

நீங்கள் வந்த அதே சீசனில்தான் கூடைக்குக் கீழே நான்கடி ஆரமுள்ள அரைவட்டக் கோட்டை என்.பி.ஏ. கொண்டுவந்தது. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கோடு. ஒருவன் பந்தோடு பாய்கிறான், இன்னொருவன் குறுக்கே நிற்கிறான், இரண்டு பேரும் மோதிச் சரிகிறார்கள். தடுத்தவன் குதிகால் கோட்டுக்குள் இருந்ததா? பாய்ந்தவன் எம்புவதற்கு முன்பே இவன் இடம்பிடித்துவிட்டானா? ப்ளாக்கா (தடுத்தவன் தப்பு), சார்ஜா (பாய்ந்தவன் தப்பு)? யோசிக்க நேரமில்லை, விசிலோடு கையும் போயாக வேண்டும். எதைக் காட்டினாலும் ஒரு பெஞ்ச் எழுந்து கத்தும். அந்தக் கோடு எல்லா நடுவர்களுக்கும் புதுசு. தப்பினால் உங்களை மட்டும்தான் "பொம்பளை" என்று சொல்லியிருப்பார்கள்.

கலிபோர்னியாவின் காம்ப்டனில் வளர்ந்து, கால் பாலி பொமோனா பல்கலைக்கழக அணியில் பாயிண்ட் கார்டாக ஆடி, 1985, 1986 என அடுத்தடுத்து இரண்டு வருஷம் கல்லூரி அணிகளின் இரண்டாம் நிலையான டிவிஷன் 2 கோப்பையை வென்றவர் நீங்கள். பந்தைத் தட்டிக்கொண்டே மற்ற ஒன்பது பேரும் எங்கே நகர்கிறார்கள் என்று பார்க்கிற ஆள்தானே பாயிண்ட் கார்டு. நடுவருக்கு அதைவிட நல்ல பயிற்சி எது? இருந்தும் சார்லஸ் பார்க்லி போன்ற நட்சத்திரமே ஆண்கள் ஆட்டத்தில் பெண் நடுவர் கூடாது என்று வெளிப்படையாகப் பேசினார். பின்னால் மன்னிப்பும் கேட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்களோடு சேர்ந்து என்.பி.ஏ.வுக்கு வந்த இன்னொரு பெண் நடுவர் டீ கான்ட்னர். 2002-இல் அவரை எடுத்துவிட்டார்கள். 2014-இல் லாரன் ஹோல்ட்கேம்ப் வரும்வரை என்.பி.ஏ. நடுவர் பட்டியலில் பெண் என்றால் நீங்கள் ஒருவர்தான். பன்னிரண்டு வருஷம்! வேலைக்கு எடுப்பது நிர்வாகத்தின் முடிவு. விளம்பரத்துக்காக எடுத்தார்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசலாம். கோப்பைக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃப் அப்படியில்லை. சீசன் முழுக்க ஒவ்வொரு விசிலையும் எடைபோட்டுத்தான் அங்கே அனுப்புவார்கள். 2006 ஏப்ரல் 25, இந்தியானாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடந்த ஆட்டத்தில் நீங்கள் நின்றீர்களே, எனக்கு அதுதான் உங்கள் உண்மையான முதல் ஆட்டம்.

அதோடு வாய்கள் அடங்கியதா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வருஷமே பாஸ்டன் வானொலி வர்ணனையாளர் செட்ரிக் மேக்ஸ்வெல் உங்களைச் சமையலறைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். பத்து வருஷ சர்வீஸ், பிளேஆஃப் ஆட்டம், எல்லாவற்றுக்கும் பிறகு! அவரும் மன்னிப்புக் கேட்டார். (உங்களிடம் வந்து குவிந்த மன்னிப்புகளுக்கே தனியாக ஒரு பீரோ வேண்டும்.)

2014-இல் நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டம். 2016-இல் முழங்கால் ஒத்துழைக்காமல் ஓய்வு. மொத்தம் 919 ஆட்டங்கள்.

உங்களிடம் நான் கேட்க நினைப்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மூன்று நடுவர்களில் மற்ற இருவரும் ஆண்கள் என்றால், இடைவேளையில் ஒரு தப்பான விசிலைப் பற்றி உங்களோடு சண்டை போட்டார்களா, இல்லை நாசூக்காக விட்டுவிட்டார்களா? கத்துகிற கோச்சுக்கு எந்த வார்த்தையில் டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான தண்டனை) கொடுப்பது என்று முடிவு செய்தீர்கள்? கான்ட்னர் போனபிறகு யாரிடம் புலம்பினீர்கள்? அடுத்த முறை யாராவது மைக்கை நீட்டி வான்கூவரைப் பற்றிக் கேட்டால், அதை ஒரு வரியில் முடித்துவிட்டு, 2002-இலிருந்து பேசுங்களேன்.

அன்புடன்,
ஸ்கோர் டேபிளிலிருந்து ஒருத்தி