கணையம் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

கணையம் என்றால் இன்சுலின் சுரக்கும், அவ்வளவுதானே என்று கேட்டிருந்தாய். அது பாதி பதில்கூட இல்லை. இன்சுலின் சுரக்கும் திட்டுகள் அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டாது. மற்றதெல்லாம் செரிமானத்துக்குத்தான்.

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே கிடக்கும். நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. தலைப்பக்கம் முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும். வால் மண்ணீரல் வரை போகும். இத்தனூண்டு உறுப்பு நாளுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் செரிமான நீர் சுரக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட் இரைப்பை அமிலத்தை முறிக்கும்; முறிக்காவிட்டால் உணவை உடைக்கும் நொதிகளுக்குக் குடலில் வேலை ஓடாது. அமைலேஸ் மாவுச்சத்தையும், லிப்பேஸ் கொழுப்பையும், ட்ரிப்சின் புரதத்தையும் உடைக்கும்.

இதில் ட்ரிப்சின்தான் விவகாரமானது. கணையமும் புரதம்தானே, அதைத் தின்னாமல் எப்படி இருக்கிறது? ட்ரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில்தான் அது தயாராகிறது. குடலுக்கு வந்த பிறகே அங்குள்ள என்டெரோகைனேஸ் என்ற நொதி அதை ட்ரிப்சினாக மாற்றும். அந்த ட்ரிப்சின் மற்ற புரத நொதிகளையும் முடுக்கிவிடும். பித்தப்பைக் கல் நழுவி வந்து, கணைய நீர் குடலுக்கு வரும் நாளத்தின் வாயை அடைத்தாலோ, மதுப்பழக்கம் இருந்தாலோ, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு 1000 மி.கி.யைத் தாண்டினாலோ இந்த மாற்றம் கணையத்துக்கு உள்ளேயே நடந்துவிடலாம். அதுதான் கணைய அழற்சி.

நீ வலியை வெளியே சொல்லாத ரகம் என்பதால் அடையாளத்தையும் எழுதுகிறேன். மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். வாந்தி எடுத்தாலும் வலி விடாது. கேஸ் என்று மாத்திரை போட்டுக்கொண்டு விடியும்வரை பொறுக்காதே, நேரே அவசரப் பிரிவுக்குப் போ. ரத்தத்தில் லிப்பேஸ் இயல்பின் உச்ச அளவைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அநேகமாக இதுதான்.

இன்சுலின் திட்டுகளை 1869இல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் கண்டார். அவற்றின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின் சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புக்கும் உள்ளே அனுப்பும். ஆல்ஃபா செல்களின் குளுக்ககான், பட்டினி நேரத்தில் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பை அவிழ்க்கும். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 முதல் 99 மி.கி. வரை நிற்பது இந்த இழுபறியால்தான். 126ஐத் தொட்டால் நீரிழிவுதானா என்று மறுபடி சோதித்து உறுதிசெய்வார்கள்.

நாள்பட்ட அழற்சியில் இரண்டு வேலையும் கெடும். லிப்பேஸ் குறைந்தால் மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும்; நாற்றம் தாங்காது; எடை இறங்கும். அதற்கு நொதி கேப்ஸ்யூல் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும், முதல் வாயிலிருந்தே. சாப்பிட்டு முடித்து அரைமணி கழித்துப் போட்டால் உணவு முந்திப் போய்விடும், மருந்து வீண். மென்றாலும் வீண்தான், வாயும் புண்ணாகும்.

அன்புடன்,
அம்மா