இரண்டாவது சிடியின் முடிவு

ஓமஹா,
நவம்பர் 30

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுதலாம், நீ நம்பமாட்டாய். உண்மையும் அதில்லை. பதினொரு பேய்ப்படங்களைப் பார்த்து முடிக்க வேண்டியிருந்தது.

சிரிக்காதே. 2001, நம் விடுதி, சனிக்கிழமை ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு டிவியும் விசிடி ப்ளேயரும் வாடகைக்கு எடுத்து வந்தோமே. மூன்று படம் பேசி வைத்தோம். கடைசிப் படம் அந்தச் சோளக்கொல்லைப் படம், 'சில்ட்ரன் ஆஃப் த கார்ன்' தொடரில் ஒன்று. சிகாகோ நகரத்துக்குள் ஒரு பையன் மக்காச்சோளம் விதைப்பான். இரண்டாவது சிடி பாதியில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. சட்டைத் துணியால் துடைத்தோம், ஊதினோம், டூத்பேஸ்ட் கூடத் தடவிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் கடைக்காரனைத் திட்டிக்கொண்டு படுத்தபோது, கொசுவலைக்குள்ளிருந்து நீதான் மிச்சக் கதையைச் சொன்னாய்: "அந்தச் சோளத்த மூட்ட புடிச்சுக் கப்பல்ல ஏத்திருவானுங்கடா. வெள்ளாம நல்லா இருந்தா அது சாமி சோளமா பேய்ச் சோளமான்னு எவன் கேக்கப்போறான்?"

மாப்ள, அதுதான் முடிவு. சத்தியமாக. போன வாரம் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை நான்கு நாள் வந்ததா, தொடரை முதல் படத்திலிருந்து பிடித்தேன். மூன்றாவதுதான் நாம் பார்த்தது, 1995இல் வந்த 'அர்பன் ஹார்வெஸ்ட்'. அந்தப் பையன் பெயர் ஈலாய். அவனைத் தத்தெடுக்கிறவர் தானியச் சந்தைத் தரகர். பூச்சி அண்டாத சோளத்தைப் பார்த்ததும் அவருக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. கடைசிக் காட்சியில் அது ஜெர்மனிக்குக் கப்பல் ஏறுகிறது. நீ அன்றைக்கே திரைக்கதை எழுதப் போயிருக்கலாம்.

அதற்கு முந்தைய காட்சியை நாம் பார்க்காமல் விட்டது நல்லதுதான். மண்ணுக்குள்ளிருந்து பூதம் வெளியே வந்து கதாநாயகியைத் தூக்குகிறது. தூக்குவது கதாநாயகியை இல்லை, ஒரு பொம்மையை. கடையில் வாங்கிய பொம்மை என்று பச்சையாகத் தெரிகிறது. என் மகள் சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். ஈலாய் பின்னால் போகும் கும்பலில் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு பெண் வருகிறாள், பெயர்கூடப் போடவில்லை. சார்லிஸ் தெரான்! ஆஸ்கர் வாங்கியவருக்கு இதுதான் முதல் படம். நான்காவதில் நவோமி வாட்ஸ், ஐந்தாவதில் ஈவா மெண்டிஸ். இந்தச் சோளத்தில் முளைத்த நடிகைகள் எல்லாம் நன்றாகத்தான் விளைந்திருக்கிறார்கள்.

மூலக்கதையை நீ படித்ததில்லை என்று நினைக்கிறேன். ஸ்டீபன் கிங் 1977இல் எழுதிய சிறுகதை. சண்டை போட்டுக்கொண்டே காரில் போகும் ஒரு கணவன் மனைவி, எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் காட்லின் என்ற ஊரில் மாட்டுகிறார்கள். ஊரில் பெரியவர் ஒருவர்கூட இல்லை. பிள்ளைகள் கொன்றுவிட்டார்கள். சோளத்துக்குள் இருக்கும் ஒன்றைக் கும்பிடுகிறார்கள். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, வரிசைகளுக்குப் பின்னால் நடப்பவன், அவ்வளவுதான். நீ அன்றைக்கு 'சாலுக்குப் பின்னால நடக்கிற சாமி' என்று மொழிபெயர்த்தாயே, அதுவே சரி. பத்தொன்பது வயது ஆனவர்கள் அந்தச் சாமியிடம் போய்விட வேண்டும். கதை முடியும்போது சாமிக்குக் கோபம் வந்து வயதைப் பதினெட்டாகக் குறைத்துவிடுகிறது. அந்த ஒரு வரி எனக்குப் பேயைவிடப் பயமாக இருந்தது.

முதல் படம் 1984இல் வந்தது. சுமார் 8 லட்சம் டாலரில் எடுத்து 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் சம்பாதித்தார்கள். அதே வருடக் கடைசியில் 'டெர்மினேட்டர்' படத்தில் வரப்போகிற லிண்டா ஹாமில்டன் இதில் வருகிறார், மனைவியாக இல்லை, காதலியாக. பூசாரிப் பையன் ஐசக்காக நடித்த ஜான் பிராங்க்ளினுக்கு அப்போது 24 வயது! முகம் சிறுவன், குரல் எழுபது வயதுக் கிழவர். தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காபிக்கடைக்குள் பிள்ளைகள் கதவைச் சாத்துகிறார்கள் பார், அந்த மூன்று நிமிடத்துக்கு ஈடாக அடுத்த பத்துப் படத்திலும் எதுவும் இல்லை. படம் பிடித்தது நெப்ராஸ்காவில் இல்லை, பக்கத்து மாநிலமான அயோவாவில். அந்த வருடங்களில் இங்கே விவசாயம் நொடித்துக் கிடந்தது. வட்டி ஏறி, நிலத்தின் விலை சரிந்து, மூன்று தலைமுறைப் பண்ணைகள் ஏலத்துக்குப் போயின. படத்தில் வரும் தூசி படிந்த தெருவைப் பார்க்கும்போது கலை இயக்குநரை மட்டும் பாராட்டத் தோன்றவில்லை.

தயாரிப்பாளர் பக்கத்திலிருந்து யோசித்துப் பார். சோளம் சம்பளம் கேட்காது. பிள்ளைகளுக்கு ஒரு அரிவாள், ஒரு கறுப்புத் தொப்பி. சாமியைக் காட்ட வேண்டியதில்லை, காற்று வந்தால் போதும். இதைவிட மலிவான பேய் எங்கே கிடைக்கும்? ஆனால் ஆட்கள் சும்மா இருப்பார்களா? 1992இல் எடுத்த இரண்டாம் பாகத்தின் பெயர் 'த ஃபைனல் சாக்ரிஃபைஸ்', அதாவது கடைசி பலி. அதற்குப் பிறகு ஒன்பது படம் வந்திருக்கிறது. அந்த இரண்டாம் பாகத்தில் பிள்ளைகள் ஏன் கெட்டுப்போனார்கள் என்று விளக்கம் வேறு: ஊர்ப் பெரியவர்கள் பூஞ்சை பிடித்த பழைய சோளத்தைப் புதுசோடு கலந்து விற்றார்கள், அந்த நஞ்சு. நீ கூட்டுறவு கிடங்கில் கண்ட கதைதானே இது! விளக்கம் வந்ததும் பயம் போய்விட்டது. மிச்சம் இருப்பது கூத்து. சக்கர நாற்காலியில் வரும் கிழவியை ரிமோட்டில் ஓட்டிப்போய் லாரியில் மோதவிடுகிறான் ஒரு பையன். கிழவி கண்ணாடியை உடைத்துக்கொண்டு பிங்கோ விளையாடுகிறவர்கள் நடுவில் போய் விழுகிறாள். இன்னொருத்தி மேல் ஜாக்கி வைத்துத் தூக்கிய வீடே இறங்குகிறது. "இந்தப் பாட்டிங்க மேல இவங்களுக்கு என்னப்பா கோபம்?" என்றாள் மகள்.

மற்றதை எல்லாம் எழுதி உன் கண்ணைக் கெடுக்கமாட்டேன். 2001இல் வந்தது எங்கள் ஓமஹாவில் நடக்கிறதாம், பெரும்பகுதி ஒரு பாழடைந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குள். 2011இல் வந்ததில் கலிபோர்னியாப் பாலைவனம், சோளம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிள்ளையார் இல்லாத சதுர்த்தி. கடைசிப் படத்தை 2020இல் ஆஸ்திரேலியாவில் எடுத்து நெப்ராஸ்கா என்று காட்டினார்கள், 2023இல்தான் பரவலாகத் தியேட்டருக்கு வந்தது.

இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்றால், ஆகஸ்டில் கிராண்ட் ஐலண்ட் வரை காரில் போயிருந்தோம். நான்காவது படம் நடக்கிற ஊர் அது. திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டு ஒரு மண்பாதையில் திருப்பி வண்டியை நிறுத்தினேன். இருபக்கமும் என்னைவிட உயரமான சோளம். வீட்டுக்காரி வேண்டாம் என்றாள். நான் உள்ளே போனேன். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இரண்டரை அடிதான். தோகை விளிம்பு அரம் மாதிரி, முழங்கையில் கோடு கோடாக விழுந்துவிட்டது. உள்ளே காற்றே இல்லை, புழுக்கம். மேலே மட்டும் காற்று ஓடுகிறது. பூந்தாது கழுத்துக்குள் உதிர்ந்து நமைச்சல். பத்து வரிசை தாண்டித் திரும்பிப் பார்த்தேன், வண்டி இல்லை. மகள் கூப்பிடுவது கேட்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தோகைகள் உரசும் சத்தம் ஒரு பக்கம் தொடங்கி என்னைத் தாண்டிப் போய் நின்றது. காற்றுதான். காற்றுதான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வெளியே ஓடித்தான் வந்தேன்.

பாதையில் ஒரு பிக்கப் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், சிவப்புத் தொப்பி. வண்டி பழுதா என்று கேட்டார். சோளம் பார்த்தேன் என்றேன். "படம் பார்த்துட்டு வந்தீங்களா?" என்று சிரித்தார். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க ஊர்ப் பசங்க யாரையும் கொல்றதில்ல. பதினெட்டு வயசானதும் ஓமஹா போயிடுவாங்க." அவர் ஊரில் பள்ளிக்கூடத்தை மூடி எட்டு வருடம் ஆகிறதாம். நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். ஓமஹா என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

உன் மூத்தவன் ஓசூரில் எப்படி இருக்கிறான்? பொங்கலுக்கு லீவு கிடைக்குமா?

காட்டுப்பன்றி நான்கு செண்டு கதிரை ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அந்த வருடம் படைப்புழு தின்றதைவிட இது மேல் என்றும் எழுதியிருந்தாய், அது ஆறுதலா புலம்பலா என்று எனக்குப் புரியவில்லை. கொல்லையைச் சுற்றிப் பழைய சேலை கட்டிவிட்டு டார்ச்சோடு காவல் இருக்கிறாய் என்று படித்ததும், இருட்டில் சோளத்தைச் சுற்றி உன் அம்மாவின் சேலைகள் அசைவதை நினைத்துப் பார்த்தேன். பதினொரு படத்திலும் இப்படி ஒரு ஷாட் இல்லை, போ. உனக்குச் சாலுக்குப் பின்னால் நடக்கிற சாமி நான்கு காலில் வருகிறது. இங்கே மான். உன் சோளம் நாமக்கல் கோழிக்கு, இங்கே விளைவது மாட்டுக்கும் எத்தனாலுக்கும். இரண்டு ஊரிலும் அதைத் தட்டில் போட்டுத் தின்பவர் குறைவு.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி? ஆபரேஷன் பற்றி டாக்டர் சொன்னதை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. பணத்துக்கு யோசிக்காதே.

இங்கே எல்லாம் அறுத்தாகிவிட்டது. கண்ணுக்கு எட்டியவரை ஒரு சாண் தட்டை, மேலே பனி. மகள் அந்தத் தோகை உரசும் சத்தம் மறுபடியும் வேண்டும் என்கிறாள், ஏதோ பள்ளிக்கூட வேலைக்கு. யூடியூபில் கிடைப்பதெல்லாம் பொய்ச் சத்தம் மாதிரி இருக்கிறது. நீ அறுப்புக்கு விடுவதற்குள் ஒரு ராத்திரி, காற்று நன்றாக அடிக்கும்போது, பத்து வரிசை உள்ளே போய் நின்று செல்போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்து அனுப்பு. டார்ச்சை அணைத்துவிட்டு. பன்றி உறுமினாலும் பரவாயில்லை, அதையும் சேர்த்து அனுப்பு.

உன்,
ரவி