சீசரின் சோற்றில் உப்பு: அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தை,

கோடை தொடங்கியதிலிருந்து உங்கள் நாய் சீசரின் சோற்றில் தினமும் கொஞ்சம் உப்புச் சேர்த்து வருவதாக எழுதியிருந்தீர்கள். வெயிலில் நமக்கு உப்புக் குறைவதுபோல் அவனுக்கும் குறைந்துவிடுமே என்ற அக்கறைதான் அதற்குக் காரணம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த உப்பு அவனுக்குத் தேவையில்லை.

நமக்கு உடல் முழுவதும் வியர்த்து, அந்த வியர்வையோடு உப்பும் வெளியேறிவிடுவதால்தான் வெயிலில் உழைப்பவர்கள் உப்பிட்ட மோரும் நீராகாரமும் குடிக்கிறார்கள். நாய்க்கோ பாதங்களின் அடியில்தான் சொல்லும்படியாக வியர்க்கிறது. மருத்துவரின் மேசைமீது பயந்துபோய் நிற்கும்போது சீசரின் காலடித் தடம் ஈரமாகப் பதிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உடற்சூட்டைத் தணிக்க அவன் நம்பியிருப்பது நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதைத்தான். அப்போது வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகி நீர் போகிறதே தவிர, உப்பு உடலிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே கோடையில் அவனுக்குக் குறைவது தண்ணீர். நிழலில் இரண்டு இடங்களில் தண்ணீர் வைத்து, அவ்வப்போது மாற்றினாலே போதும்.

நாய்க்கு உப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. நரம்பும் தசையும் இயங்க உப்பிலுள்ள சோடியம் வேண்டும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, சீசரைப் போல 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 மில்லிகிராம் சோடியம் போதும். உப்பாகக் கணக்கிட்டால் அது அரை கிராம்கூட இல்லை. நீங்கள் கொடுக்கும் 150 கிராம் கோழிக்கறியிலும் ஒரு முட்டையிலும், கறி வெந்த நீரையும் சோற்றிலேயே ஊற்றிப் பிசைந்தால், அந்த அளவு இயல்பாகவே வந்துவிடுகிறது. கடையில் வாங்கும் தரமான நாய் உணவில் தேவையான உப்பை முன்பே சேர்த்துவிடுகிறார்கள். வெறும் சோறும் பருப்பும் மட்டுமே உண்டு வளரும் நாயின் கணக்கு வேறு; அங்கே மருத்துவர் அளவு சொல்லிச் சிறிது உப்புச் சேர்க்கச் சொல்லலாம்.

உப்புப் போட்டால் முடி கொட்டும் என்று பக்கத்து வீட்டார் உங்களைப் பயமுறுத்துவதையும் நம்ப வேண்டாம். முடி கொட்டினால் உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, பூஞ்சைத் தொற்று ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் உப்பை வேண்டாம் என்பதற்குக் காரணம் சீசரின் வயது. சிறிய இன நாய்களுக்கு முதுமையில் இதய வால்வு தடிப்பது மிகச் சாதாரணம்; அது முற்றி உடலில் நீர் கோக்கத் தொடங்கும்போது உப்பு அந்த நிலையை மேலும் மோசமாக்கும். மாமா ஆசையாகப் போடும் அப்பளத்தையும் கருவாட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் எதையாவது தின்றுவிட்டால் உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பே நஞ்சாகக்கூடும். 4 கிராம் உயிரையே பறிக்கக்கூடும். வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று அது முற்றும். அப்படி ஒரு நாள் நேர்ந்தால், எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவன் நெஞ்சிலும் குழாய் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோறும் கறியுமாகவே உண்பவனுக்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் போவது உறுதி என்பதால், அதற்கு என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்றும் அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்