கெட்டிஸ்பர்க் கலசத்தடியில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தவருக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். அவர் மூச்சு கேட்கிற தூரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பென்சில்வேனியாவில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களத்தைப் பார்க்கப் போன இடத்தில், மறதி நோய் உள்ள அப்பா காணாமல் போனதும், பிறகு கிடைத்ததும் உங்களுக்கெல்லாம் தெரியும். அதை முதலிலிருந்து மறுபடி சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனசு கேட்கவில்லை.

அப்பாவின் படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு காரை எடுத்துக்கொண்டு வந்த மேரிலாந்து, பென்சில்வேனியா தமிழ்க் குடும்பங்களுக்கும், டார்ச் விளக்கோடு கல் கல்லாகத் தேடிய பூங்காக் காவலர்களுக்கும், அம்மாவுக்குச் சூடாகத் தேநீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டே இருந்த விடுதிப் பெண்ணுக்கும், ஊரில் விடிய விடியத் தூங்காமல் இருந்த சித்தப்பாக்களுக்கும், ஒரே ஒரு செய்தியை நூறு குழுக்களுக்குத் தட்டிவிட்ட தம்பி தங்கைகளுக்கும், எல்லாருக்கும் என் நன்றி. ஒவ்வொருவர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போவார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அவர் தமிழ் படிக்கமாட்டார், இந்த மடல் அவர் கண்ணில் படப்போவதும் இல்லை. பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுபதைத் தாண்டியவர், உள்ளூர்க்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் கெட்டிஸ்பர்க் போரில் இறந்த வீரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

நாங்கள் அப்பாவைத் தேடியது மேட்டுச் சாலையில். காலையிலிருந்தே ‘மினசோட்டாக்காரங்க சிலை எங்க, மினசோட்டாக்காரங்க சிலை எங்க’ என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இருக்கிற மாநிலத்தின் பெயர் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடுகிற வெண்கலச் சிப்பாய் நிற்கும் அந்தப் பெரிய நினைவுச்சின்னம் மேட்டில் இருக்கிறது. 1863 ஜூலை 2 அந்தி நேரத்தில் முதலாம் மினசோட்டாத் தன்னார்வக் காலாட்படை பாய்ந்து இறங்கிய சரிவு அது. லிங்கன் பக்கத்து வடக்குப் படையின் வரிசையில் ஓரிடம் காலியாகிவிட்டது. அதை அடைக்க வேறு ஆட்கள் வந்து சேரக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தை வாங்கித்தரச் சொல்லி தளபதி ஹான்காக் இவர்களை அனுப்பினார். 262 பேர் இறங்கி 215 பேர் விழுந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. அப்பா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் பேசிய இரண்டு நிமிடப் பேச்சை மனப்பாடமாகச் சொல்லுவார். அதனால் அங்கேதான் போயிருப்பார் என்று நாங்கள் எல்லாரும் அந்தச் சிப்பாயின் காலடியையே சுற்றிச் சுற்றி வந்தோம்.

அதே படைக்கு இன்னொரு நினைவுச்சின்னம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் மினசோட்டாவில் இருக்கிறேன், தெரியாது. அது கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. பீடத்தின்மேல் ஒரு பளிங்குக் கலசம், அவ்வளவுதான். உயிர் பிழைத்த வீரர்கள் தங்கள் தோழர்களுக்காக 1867-இல் வைத்தது. இன்றைக்கு அந்தப் போர்க்களம் முழுக்க ஆயிரத்துக்கும் மேலே நினைவுச்சின்னங்கள் நிற்கின்றன. அவற்றுக்கெல்லாம் மூத்தது இந்தக் கலசம் என்கிறார்கள். பக்கத்தில் அரைவட்டமாகப் புல்தரையோடு பதித்த கற்கள். மினசோட்டா வரிசையில் 52 பேர். கொஞ்சம் தள்ளி, பெயர் தெரியாதவர்களுக்குச் சின்னச் சின்னச் சதுரக் கற்கள். அவற்றில் வெறும் எண்தான் வெட்டியிருக்கிறது.

அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

ஏன் அங்கே என்று அந்தப் பெரியவருக்குப் புரிந்திருக்க வழியில்லை, எனக்குப் பார்த்ததும் புரிந்தது. அப்பா ஸ்ரீவைகுண்டத்துக்காரர். வருஷா வருஷம் பிள்ளைகளை ஆதிச்சநல்லூருக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு போய், மண்ணுக்குள்ளிருந்து எடுத்த முதுமக்கள் தாழிகளைப் பற்றி வெயிலில் நின்று பாடம் சொன்னவர். கல்லறைகளுக்கு நடுவே ஒரு தாழியைக் கண்டால் அவர் கால் அதைத் தாண்டிப் போகாது. செருப்புப் போட்டு நடக்கிற இடமில்லை என்று ஷூவைக் கழற்றித் தன் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தார்.

பெரியவர் அந்த வழியாக வரும்போது அப்பா அவரைக் கூப்பிட்டுக் கேட்டாராம், “இது யாருடைய தாழி?” தாழி என்பதைத் தமிழிலேயே சொல்லியிருக்கிறார், மற்றதெல்லாம் ஆங்கிலம். பெரியவர் பீடத்துக்குக் கிட்டப் போய், குனிந்து, அதில் வெட்டியிருந்ததை வாசித்துக் காட்டியிருக்கிறார். மினசோட்டாப் பையன்கள், இங்கே செத்துப்போனவர்கள், கூட இருந்தவர்கள் வைத்தது என்று சொல்லியிருக்கிறார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் போனதும், “இது யாருடைய தாழி?”

அவர் மறுபடியும் எழுந்து போய், குனிந்து, வாசித்தார்.

முதல் அரைமணி நேரம் யாரோ சுற்றுலா வந்தவர், காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்தாராம். பிறகுதான் விஷயம் புரிந்து போன் போட்டு இடத்தைச் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் போகவில்லை. நாங்கள் போய்ச் சேரும்வரை அந்தக் குளிரில், புல்லில், வலிக்கிற முழங்காலோடு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஓடி வரும்போதுகூட அவர் பீடத்தில் கை ஊன்றிக் குனிந்து வாசித்துக்கொண்டுதான் இருந்தார். அப்பா ஒரு மாணவன் ஒப்பிப்பதைக் கேட்கிற மாதிரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பயந்த முகமில்லை. தொலைந்துபோனவர் முகமே இல்லை.

எத்தனை தடவை வாசித்தீர்கள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். “ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது தெரியாமல்தானே கேட்டார்? அதனால் சொன்னேன்.” அவ்வளவுதான் அவர் சொன்னது.

கிளம்பும்போது அப்பாவின் ஷூவை நான் எடுக்கப் போனேன். அதற்குள் பெரியவர் ஒரு காலை மடக்கி மண்டியிட்டு, அப்பாவின் பாதத்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, ஷூவை மாட்டி, கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டார். ஒற்றை முடிச்சு அவிழ்ந்து தடுக்கிவிடும் என்றார். எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையின் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. அன்றைக்குக் காலையில் நாலாவது தடவையாக அப்பா சிலையைப் பற்றிக் கேட்டபோது, “அதான் சொன்னேன்லப்பா!” என்று கத்தினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே எழுந்து தேடிப் போய்விட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். டாக்டர் அப்படியில்லை, இந்த நோயில் இது நடக்கிறதுதான் என்கிறார். இருக்கலாம்.

என்னைப் போலவே வீட்டில் மறதி வந்த அப்பாவையோ அம்மாவையோ வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இந்த மூன்று நாளில் என்னிடம் பேசினீர்கள். உங்கள் எல்லார் முன்னாலும் சொல்லிவைக்கிறேன். அப்பா எதைக் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், இனி முதல் தடவை கேட்ட மாதிரிதான் பதில் சொல்லுவேன். தவறினால் நீங்களே என்னைக் கேளுங்கள்.

அடுத்த மே மாதம் மறுபடி கெட்டிஸ்பர்க் போகிறோம். அந்தப் பெரியவருக்கு அம்மா அதிரசம் சுட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இன்று காலை காபி குடிக்கும்போது அப்பா கேட்டார், “ஏம்மா, அந்தத் தாழி யாருது?”

“மினசோட்டாப் பையன்களுதுப்பா. ஐம்பத்திரண்டு பேர் பக்கத்துலயே படுத்திருக்காங்க. கூட இருந்தவங்க வச்சது.”

“அப்படியா” என்றார். காபி ஆறுவதற்குள் மறுபடி கேட்டார். சொன்னேன்.