என்ன மாறிச்சு என்று கேட்டாயே

அன்புள்ள தாயிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். இங்கே இன்னும் மழை இல்லை. வாலிநோக்கம் உப்பளத்துக்குத் தோதான வெயில், கண்மாய்க்கு ஆகாத வெயில்.

"தாத்தா காலத்துல இருந்து மனு எழுதிக்கிட்டே இருக்கோம், என்னப்பா மாறிச்சு? போதும், சென்னைக்கு வந்திருங்க" என்று போனில் சொன்னாய். பக்கத்தில் ஆள் இருந்ததால் அப்போது பேசவில்லை. உன் கோபம் நியாயம்தான். ஆனால் ஒன்றுமே மாறவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தாத்தா சாயல்குடி ரோட்டில் டீ குடித்தது கொட்டாங்குச்சியில். என் காலத்தில் தனி கிளாஸ். கடைக்கு வெளியே பந்தக்கால் ஓரம் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நாமே எடுத்து, குடித்து, கழுவி, திரும்பக் கவிழ்க்க வேண்டும். விளிம்பு உடைந்திருக்கும்; உடையாத பக்கம் பார்த்து வாய் வைப்பது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த கிளாஸை ஒழிக்க நாங்கள் அலைந்த அலைச்சல் உனக்குத் தெரியும். இப்போது அதே ரோட்டில் ஒன்றிரண்டு கடைகளில் மேல்சாதிக்காரர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், நமக்குப் பேப்பர் கப். கேட்டால் சுத்தம் என்கிறார்கள். தனி கிளாஸ் என்றால் தாசில்தார் முன்னால் எடுத்து வைக்கலாம். பேப்பர் கப்பை நாமே கசக்கி எறிந்துவிடுகிறோமே, சாட்சிக்கு எங்கே போவது? சாதிக்கும் மூளை வளர்கிறது தாயி.

தாத்தா 1957 முதுகுளத்தூர் சாதிக் கலவரத்தைப் பற்றிப் பேசினால் தீ வைத்ததைச் சொல்ல மாட்டார், பனங்காட்டில் ராத்திரி பதுங்கிக் கிடந்ததையும் சொல்ல மாட்டார். செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் நடந்த சமாதானக் கூட்டத்தைத்தான் சொல்வார். "சரிசமமா உட்கார்ந்து பேசுனாருல்ல" என்று நம் தலைவர் இமானுவேல் சேகரனைச் சொல்வார். மறுநாள் பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். பட்டாளத்தில் இருந்து வந்தவர், வயது 32. தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்கு முன்பே, 1955-லேயே வந்துவிட்டது. நம் ஊருக்கு அதை யார் வந்து சொன்னார்கள்? 1976-ல் அதையே பலப்படுத்தி, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றிய பிறகுதான் பி.சி.ஆர். என்ற மூன்றெழுத்து நம் ஆட்கள் வாயில் ஏறியது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் இங்கே எல்லாவற்றுக்கும் பெயர் பி.சி.ஆர். கேசுதான்.

தாத்தா கைநாட்டு. நான் எட்டாவது வரை படித்தவன். ஸ்டேஷனில் எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடுவேன், அதுவே பெரிய காரியம். நீ லீவில் வந்தபோது, உப்பளத்துப் பிள்ளை புகாருக்காக என்னோடு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? எழுதி முடித்து போலீஸ்காரர் பேனாவை நீட்டியதும், "வாசிச்சுக் காட்டுங்க சார், அப்புறம்தான் கையெழுத்து. காப்பியும் வேணும், சட்டத்துல இருக்கு" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வாசித்தார். "சாதிப் பேரைச் சொல்லித் திட்டினார்" என்று அந்தப் பிள்ளை சொன்னது அதில் வெறும் "வாய்த்தகராறு" என்று இருந்தது. திருத்தி எழுத வைத்துவிட்டுத்தான் நீ எழுந்தாய். அந்த ஒரு வரி இல்லை என்றால் கேசு நிற்காது. என்ன மாறிச்சு என்று நீ கேட்கிறாய்!

2011-ல் இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடி ஐந்துமுனையில் போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்த அன்றைக்கு அம்மா பட்ட பாட்டை அவளே நேரில் சொல்லட்டும். அவளும் உன்னைப் போல "போதும்" என்றுதான் சொன்னாள். மறு வருஷம் அஞ்சலிக்கு எனக்கு முன்னால் கிளம்பியதும் அவள்தான்.

சரி, நான் சென்னைக்கு வருவதாக இல்லை, நீயும் வேலையை விட்டு இங்கே வர வேண்டாம். சுடுகாட்டுப் பாதை மனுவைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். மழைக்காலத்தில் பாடையை வரப்பு மேல் தூக்கிக்கொண்டு வழுக்கி வழுக்கிப் போகிறோம். சர்வே நம்பரைச் சரிபார்த்துவிட்டேன். டைப் அடித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுநாள். கோபம் கூடுதலாகத் தெரிந்தால் நீயே குறைத்துக்கொள். ஆனால் "தயவுகூர்ந்து" என்று எங்கேயும் சேர்க்காதே.

அன்புடன்,
அப்பா